காளியிடம் யாரும் கேட்கவில்லை

அரக்கோணம் பக்கத்தில் தக்கோலம் என்று ஒரு ஊர் இருக்கிறது. திருவள்ளூரிலிருந்து பேரம்பாக்கம் வழியாகப் போனால் மாவட்ட எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். இன்றைக்குப் பார்த்தால் சாதாரண ஊர். ஆனால் 1,000 வருஷத்துக்கு முன்னால் தென்னிந்தியாவின் தலையெழுத்தையே மாற்றிய போர் ஒன்று நடந்தது இங்கேதான்.

பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியில் வந்து போகும் அந்தத் தக்கோலப் போரோடு ஒரு நாயின் கதையும் சேர்ந்திருக்கிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அந்த நாயின் பெயர் காளி. மனிதனுக்கும் நாய்க்கும் இடையில் இருப்பது நட்பா, அடிமைத்தனமா, இல்லை வேறு ஏதாவதா என்று யோசிக்க இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது.

தக்கோலமும் ஒரு வேட்டை நாயும்

வருஷம் 949. ஒரு பக்கம் சோழர்கள். முதலாம் பராந்தகனின் மகன் இராஜாதித்தன்தான் படைக்குத் தலைமை. எதிர்ப்பக்கம் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும், அவனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் இரண்டாம் பூதுகனும். போரில் இராஜாதித்தன் யானையின் மேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். அதனால்தான் நம் கல்வெட்டுகளில் அவனுக்கு 'யானைமேல் துஞ்சிய' என்று ஒரு அடைமொழி. தொண்டை மண்டலம் சோழர் கையை விட்டுப் போனது. அவர்கள் திரும்பத் தலைதூக்கப் பல வருஷங்கள் ஆயின.

ஜெயித்தவர்கள் பரிசுகளைப் பங்கிட்டுக் கொண்டார்கள். பூதுகனுக்குக் கிடைத்தது வனவாசி உள்ளிட்ட பெரிய பெரிய நாடுகள். அவனுடைய படையில் மணலேரன் என்று ஒரு வீரன். போரில் அவன் காட்டிய துணிச்சலைப் பார்த்து 'உனக்கு என்ன வேண்டும், கேள்' என்று வரம் கொடுக்கப்பட்டது. ஊர் கேட்டிருக்கலாம், பொன் கேட்டிருக்கலாம். அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை!

கேட்டது கிடைத்தது. ஒரு நாள் வேட்டையில் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின் மேல் காளியை ஏவினார்கள். சண்டையில் பன்றியும் செத்தது, காளியும் செத்தது.

இதெல்லாம் கட்டுக்கதை இல்லை. கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த கல்வெட்டில் இருக்கிறது. காளிக்காக ஊர்க் கோயிலுக்கு முன்னால் ஒரு நடுகல் வைத்தார்கள். நாயும் பன்றியும் மோதும் காட்சியை அதில் செதுக்கினார்கள். நிலம் ஒதுக்கினார்கள். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார்கள். கல்லுக்குப் பூஜை செய்யாமல் கோயில் பூசாரி சாப்பிட்டால் அந்த நாய் செய்த பாவம் அவரைச் சேரும். அந்தக் கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரைப் பற்றி நமக்குத் தெரிந்த பல விவரங்கள் இந்த நாய்க் கல்லின் புண்ணியத்தில் வந்தவைதான் என்பது வேடிக்கை.

அந்தக் கதையை இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மணலேரனிடம் 'என்ன வேண்டும்' என்று கேட்டார்கள். பூதுகனுக்கு என்ன வேண்டும் என்று கிருஷ்ணனுக்குத் தெரிந்திருந்தது. யாரும் எதுவும் கேட்காத ஒரே ஆள் காளிதான். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. ஏவியபோது பாய்ந்தது, செத்தது. செத்த பிறகுதான் அதற்குப் பூஜை!

அதற்கும் முன்னால் ஒரு கோவிவன்

'இது கன்னட தேசத்துக் கதை, நம் ஊரில் எப்படி' என்று கேட்பவர்களுக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் பதில் இருக்கிறது. தண்டராம்பட்டு பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்தது. அந்தக் கல்லில் வீரனோடு ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டு அதைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறது.

அந்தக் காலத்தில் எத்தனையோ மனிதர்கள் பெயர் தெரியாமலே செத்துப் போனார்கள். ஒரு நாய்க்குப் பெயரோடு கல்வெட்டில் இடம் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை. அந்த மரியாதை பொய்யும் இல்லை. ஆனால் மரியாதை வேறு, சம்மதம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கொள்வதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. மகாபாரதத்தின் கடைசியில் தருமன், கூட வந்த நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்கிறான். உயர்ந்த மனசுதான். ஆனால் அங்கேயும் நாயிடம் 'உனக்கு சொர்க்கம் வேண்டுமா' என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை :)

யார் யாரைப் பழக்கினார்கள்?

திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டுபிடித்தார். சாந்தி பப்பு குழுவினர் செய்த அகழாய்வின் முடிவு 2011ல் வெளிவந்தபோது அந்தக் கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தையவை என்று தெரிந்தது. அத்தனை லட்சம் வருஷம் மனித இனம் நாய் இல்லாமலேதான் வாழ்ந்தது. நாய் வந்து சேர்ந்தது கடைசிக் கொஞ்ச காலத்தில்தான். 14,000 வருஷத்துக்கு முன்னால் நாய் மனிதனோடு இருந்தது என்பதற்கு உறுதியான சாட்சி உண்டு. ஜெர்மனியில் பான் நகரத்துப் பக்கம் 1914ல் ஒரு புதைகுழி கிடைத்தது. ஒரு ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. அந்தக் குட்டிக்கு டிஸ்டெம்பர் என்ற கொடிய நோய் வந்திருந்தது என்றும், யாரோ பக்கத்தில் இருந்து கவனிக்காமல் அது அத்தனை வாரங்கள் உயிரோடு இருந்திருக்க முடியாது என்றும் 2018ல் ஓர் ஆய்வு சொன்னது. வேலைக்கு ஆகாத ஒரு நோயாளிக் குட்டியை அந்த மனிதர்கள் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

ஓநாய் எப்படி நாயானது? ஓநாய்க் குட்டிகளை மனிதன் பிடித்து வந்து பழக்கினான் என்பது பழைய கதை. ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதி வேறு மாதிரி சொன்னார்கள். மனிதன் போட்ட மிச்சம் மீதியைத் தேடி, பயம் குறைந்த ஓநாய்கள் தாமாகவே கிட்டே வந்தன. அப்படி வந்தவை பிழைத்தன, பெருகின. தம்மைத் தாமே பழக்கிக் கொண்டன. இந்த விவாதம் ஆராய்ச்சியாளர்களிடம் இன்னும் முடியவில்லை.

இது உண்மையானால், முதல் அடியை எடுத்து வைத்தது நாய்தான். அப்படியென்றால் அதை ஒரு விதச் சம்மதம் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்று வைத்துக் கொண்டாலும் அது முதல் தலைமுறைக்குத்தான் பொருந்தும். பாட்டனுக்குப் பாட்டன் கைநாட்டு வைத்ததற்காகப் பேரன் கொத்தடிமையாக இருக்க வேண்டும் என்று இன்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது.

ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தால்...

பி.காம் படிக்கிறவர்களுக்கு இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 தலைகீழ்ப் பாடம். பிரிவு 13 சம்மதம் என்றால் என்ன என்று சொல்கிறது. இருவர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். பிரிவு 14 சுதந்திரமான சம்மதம் எது என்று சொல்கிறது. வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல், பிழை இந்த ஐந்தும் கலக்காமல் இருக்க வேண்டும்.

நாய்க்கு இதைப் பொருத்திப் பார்த்தால் முதல் படியிலேயே அடி விழுகிறது. 'வீட்டைக் காவல் காப்பாய், பதிலுக்குச் சோறு போடுவோம்' என்பதை நாயும் மனிதனும் ஒரே அர்த்தத்தில் புரிந்து கொள்வதற்கு வழியே இல்லை. பிரிவு 16 இன்னும் மோசம். ஒருவரின் மனதை ஆட்டிவைக்கும் நிலையில் இன்னொருவர் இருந்து, அதைப் பயன்படுத்தி ஆதாயம் அடைந்தால் அது தகாத செல்வாக்கு. சோற்றுத் தட்டும், கதவுத் தாழ்ப்பாளும், கழுத்துப் பட்டையும் ஒரே ஆளின் கையில் இருக்கும்போது இதைவிடப் பெரிய செல்வாக்கு என்ன இருக்கிறது?

அப்படியானால் நாய் வளர்ப்பதே தப்பா? அவசரப்பட வேண்டாம். அதே பாடத்தில் மோகரி பீபி வழக்கு வரும். 1903ல் பிரிவி கவுன்சில் தீர்ப்பு. மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. ஆனால் மைனருக்கு நன்மை வருவதைச் சட்டம் தடுப்பதில்லை. மைனர் மேல் கடமையைச் சுமத்த முடியாது, அவ்வளவுதான். மைனருக்காக முடிவெடுக்கும் காப்பாளர் மைனரின் நலனுக்காக எடுக்க வேண்டும், தன் லாபத்துக்காக இல்லை.

நாய் விஷயத்திலும் இதையே அளவுகோலாக வைக்கலாம். நாயின் சம்மதம் வாங்க முடியாது என்பது மனிதனுக்குக் கிடைத்த சலுகை இல்லை. அது மனிதன் தலையில் விழுந்த பொறுப்பு. 'அது எதிர்க்கவில்லையே' என்பது பதில் ஆகாது. 'இது அதற்கு நல்லதா' என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் பெருமைகள் சில கொஞ்சம் ஆட்டம் காணும். இராஜபாளையம் நாய்க்கு 2005ல் தபால்தலை வந்தது. கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் தமிழ்நாட்டின் சொத்து என்று மார்தட்டுகிறோம். மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால்தான் கன்னி என்று பெயர் வந்தது என்பார்கள். (காளியைப் போல இதுவும் கை மாறும் பரிசுதான்.) இராஜபாளையத்தின் அழகே பால் வெள்ளை நிறம். அந்த வெள்ளைக்காகவே தேர்ந்தெடுத்து இனம் சேர்த்ததில் பல குட்டிகள் காது கேட்காமல் பிறக்கின்றன. நிறம் நமக்காக, செவிடு அதற்கு! நாட்டு நாயைக் காப்பாற்ற வேண்டும் என்பது சரி. எதைக் காப்பாற்றுகிறோம், நாயையா, அதன் நிறத்தையா என்பதையும் கேட்க வேண்டும்.

மெட்ராஸ் கதை

வீட்டு நாய்க்காவது ஒரு சொந்தக்காரர் உண்டு. தெரு நாய்க்கு? உலகத்தில் உள்ள நாய்களில் பெரும்பகுதி தெரு நாய்கள்தான். அவற்றோடு யாரும் ஒப்பந்தமே போடவில்லை.

மெட்ராஸ் மாநகராட்சி 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரு நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். இத்தனை வருஷம் கொன்றும் நாய் குறையவில்லை. காரணம் எளிது. ஒரு தெருவில் நாய்களைக் காலி செய்தால் அங்கே குப்பையும் சாப்பாடும் அப்படியே இருக்கும். பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும், குட்டி போடும்.

1959ல் கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் ஆரம்பித்த புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று 1960களிலிருந்து சொல்லி வந்தது. மாநகராட்சி அதற்கு ஒத்துக்கொண்டது 1996ல்தான். 2001ல் அது நாடு முழுவதற்குமான மத்திய அரசு விதியானது. 2023ல் புது விதிகள் வந்தன. விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960க்குப் பின்னாலும் ஒரு மெட்ராஸ்காரர் இருக்கிறார். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் மாநிலங்களவையில் கொண்டு வந்த மசோதாதான் அதற்கு வித்து. அதன்படி 1962ல் வந்த விலங்குகள் நல வாரியம் 2018 வரை சென்னையில்தான் இருந்தது. நாய் நலம் பற்றிய இந்தியச் சட்டத்தில் மெட்ராஸ் வாசனை அதிகம்!

கருத்தடைக்கு நாயின் சம்மதம் உண்டா? இல்லை. வலை போட்டுப் பிடித்து, அறுத்து, அடையாளத்துக்குக் காதில் ஒரு துண்டு வெட்டி விடுகிறார்கள். மைனர் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். குழந்தை அழுகிறது என்று தடுப்பூசி போடாமல் விடுகிறோமா? மின்சாரப் பெட்டியோடு ஒப்பிட்டால் அந்த அறுவை சிகிச்சை நாய்க்கும் நல்லது. ஆனால் இதைச் சொல்லும் உரிமை, வலியில்லாமல், சுத்தமாக, தையல் ஆறும் வரை வைத்திருந்து செய்கிறவர்களுக்கு மட்டும்தான் உண்டு.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. தெருவில் நடந்து போகும் மனிதனிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ரேபீஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக நடக்காத காரியம். இந்தியாவில் வருஷத்துக்கு சுமார் 5,700 பேர் ரேபீஸால் சாகிறார்கள் என்று ஒரு தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய மதிப்பீடு இதைவிடப் பல மடங்கு அதிகம். கடிபடுகிறவர்களில் குழந்தைகள் நிறைய. நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும் தொழிலாளியைத்தான் நாய் துரத்துகிறது, காரில் போகிறவரை இல்லை.

உச்ச நீதிமன்றமும் இந்த இழுபறியில்தான் மாட்டியது. 2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லியின் தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியது. ஆகஸ்ட் 22ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பிறகு பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7ல் பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்றது. மூன்று மாதத்தில் மூன்று உத்தரவு. கேள்வி அவ்வளவு கஷ்டமானது.

திறந்திருந்த வாசல்

சம்மதம் கேட்காமல் நாயை மனிதன் பயன்படுத்தியதில் உலகப் புகழ் பெற்றது லைகா. மாஸ்கோ தெருவில் பிடித்த நாய். 1957 நவம்பர் 3ஆம் தேதி ஸ்புட்னிக் 2ல் ஏற்றி அனுப்பினார்கள். திரும்பி வர ஏற்பாடே கிடையாது. பல நாள் உயிரோடு இருந்தது என்று உலகத்தை நம்ப வைத்தார்கள். சூடு தாங்காமல் சில மணி நேரத்திலேயே செத்துவிட்டது என்ற உண்மை 2002ல்தான் வெளியே வந்தது. பிறகு லைகாவுக்கும் சிலை வைத்தார்கள். ஆதகூர்க் காளியின் கதையேதான், ஆயிரம் வருஷம் கழித்து.

இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரகரி பெர்ன்ஸ் என்ற விஞ்ஞானி, நாயின் மூளையை முழித்திருக்கும்போதே ஸ்கேன் செய்ய ஆசைப்பட்டார். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் ஆடாமல் படுக்க வேண்டும், சத்தம் காதைக் கிழிக்கும். வழக்கமாக என்ன செய்வார்கள்? கட்டிப் போடுவார்கள், இல்லை மயக்க மருந்து கொடுப்பார்கள். இவர் இரண்டும் செய்யவில்லை. தன் வீட்டு நாய் கேலிக்கு, மாதிரி இயந்திரம் ஒன்று செய்து மாதக் கணக்கில் பழக்கினார். காதுக்கு உறை மாட்டினார். எப்போது வேண்டுமானாலும் எழுந்து வெளியே போகலாம் என்பதுதான் விதி. குழந்தைகளுக்கான சம்மதப் படிவத்தை மாதிரியாக வைத்து நாய்க்கும் ஒன்று தயாரித்து, வளர்ப்பவரிடம் கையெழுத்து வாங்கினார். 2012ல் முடிவு வெளிவந்தது.

அது முழுச் சம்மதமா? பிஸ்கட்டுக்காகப் படுத்திருக்கலாம். பிரிவு 16 அங்கேயும் எட்டிப் பார்க்கிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கேலிக்கு 'முடியாது' என்று சொல்ல வழி இருந்தது, சொன்னால் கேட்க ஆள் இருந்தது. லைகாவுக்கு அது இல்லை. காளிக்கும் இல்லை. நாயால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் வாலை இடுக்கிக் கொள்ளும், முகத்தைத் திருப்பிக் கொள்ளும், பின்வாங்கும், உறுமும். 'வேண்டாம்' என்பதற்கு அதனிடம் இத்தனை வார்த்தை இருக்கிறது. குழந்தை நாயின் காதைப் பிடித்து இழுக்கும்போது அது முகத்தைத் திருப்பியதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு அது கடித்ததும் 'திடீரென்று கடித்துவிட்டது' என்கிறோம். பல கடிகள் திடீரென்று வருவதில்லை. முன்னால் சொன்ன 'வேண்டாம்' காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

கம்பெனி வாசலில் ஒரு பொறை

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் காலையில் போனால் ஒரு காட்சி பார்க்கலாம். கம்பெனி வாசலில் நைட் டூட்டி முடிந்த செக்யூரிட்டி, டீக்கடையில் ஒரு பொறை வாங்கி இரண்டாக உடைத்துப் போடுவார். இரவு முழுக்க அவரோடு முழித்திருந்த நாய் அதைத் தின்றுவிட்டு நிழலில் படுக்கும். சம்பளப் பட்டியலில் அதன் பெயர் இல்லை. சங்கிலியும் இல்லை. போக வேண்டும் என்றால் அது போகலாம். போகாமல் இருக்கிறது. அவருக்கும் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. போடுகிறார்.

14,000 வருஷத்துக்கு முந்தைய அந்த முதல் ஒப்பந்தம் அநேகமாக இப்படித்தான் இருந்திருக்கும். சம்மதத்துக்கு மிகப் பக்கத்தில் வருவது இதுதான். ஆனால் அந்த நாய் லாரியில் அடிபட்டால் தூக்கிக் கொண்டு ஓட யாரும் இல்லை. அது வெறி பிடித்து யாரையாவது கடித்தால் பொறுப்பேற்கவும் யாரும் இல்லை. சுதந்திரம் இருக்கிறது, காப்பாளர் இல்லை. வீட்டு நாய்க்குக் காப்பாளர் இருக்கிறார், சுதந்திரம் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க மனிதன் இன்னும் கற்றுக் கொள்ளவில்லை.

ஆதகூர்ப் பூசாரிக்குப் போட்ட நிபந்தனையைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் நன்றாக இருக்கும். செத்த நாயின் கல்லுக்குப் பூஜை செய்யாமல் சாப்பிடக் கூடாது என்றார்கள் அன்று. உயிரோடு இருக்கும் நாய்க்குத் தண்ணீர் வைக்காமல், தடுப்பூசி போடாமல், அது 'வேண்டாம்' என்று சொல்வதைக் காதில் வாங்காமல் 'நன்றியுள்ள பிராணி' என்று பாராட்டக் கூடாது என்று இன்று வைத்துக் கொள்ளலாம். நன்றி என்று நாம் அதற்குப் பட்டம் கொடுத்துவிட்டோம். நாம் அதற்கு என்ன பாக்கி என்ற கணக்கை இன்னும் எழுதவே இல்லை.